உனக்கு வந்த கடிதத்தை நான் பிரித்தேன்

தம்பி விஜி,

இதைக் கிழித்துப் போடத் தோன்றினால் கிழி. ஆனால் கடைசிவரை வாசித்துவிட்டுக் கிழி. உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான் தொங்குகிறது, இருமினால்கூடக் கேட்கும், அப்படியிருக்க அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நாலு நாளாக வாயைத் திறந்து பார்த்துவிட்டேன். "சாப்பிட்டியா", "மழை இருட்டுது, குடைய எடுத்துட்டுப் போ" என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. இந்தத் தோட்டத்து லய வீடுகளில் யாருக்கு என்ன மனு எழுத வேண்டுமென்றாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். தொரைக்கு, சங்கத்துக்கு, கிராம சேவகருக்கு என்று எத்தனையோ எழுதிக் கொடுத்திருக்கிறேன். "தயவுகூர்ந்து" என்று தொடங்கினால் மிச்சம் தானாக வரும். உனக்கு எழுத அந்த வார்த்தை உதவவில்லை.

வரும் வியாழக்கிழமை நீ கட்டாருக்குப் போகிறாய். அங்கே ஏதோ ஒரு குடோனில் பெட்டி தூக்கும் வேலை. உன் பெட்டியை மருமகள் சுமதி இப்போதே கட்டி வைத்துவிட்டாள். அப்பாவைப் பிரியப்போவது தெரியாமல் தியா அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பஸ் ஓட்டுகிறாள். அந்தப் பிள்ளைக்கு நாலு வயது. நீ திரும்பி வரும்போது ஆறோ ஏழோ ஆகியிருக்கும். இதெல்லாம் உன் தலையெழுத்து, கடை மூடினதால் வந்த கெட்ட காலம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். கடை மூடினது கெட்ட காலம்தான். ஆனால் இதில் பாதி என்னால் வந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்று.

நீ வேலை பார்த்த கேகாலை பர்னிச்சர் ஷோரூம் மூடின அன்று நானும் உன்னோடு வந்திருந்தேன், ஞாபகமிருக்கும். ஆஸ்பத்திரியில் எனக்குக் கண் கிளினிக். முதல் பஸ்ஸில் வந்தோம். அதற்கு முன்னாலேயே அங்கே சரியில்லை என்று நீ வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருந்தாய். கொழும்பிலிருந்து லொறி வருவது நின்றது. இருந்த சோபாக்களை முன்னால் இழுத்துப் போட்டு, பின்னால் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கி இடத்தை நிரப்பச் சொன்னார்கள். ஏசி போட வேண்டாம் என்றார்கள். சம்பளம் பிந்தியது. நீ அப்போதும் ஒவ்வொரு நாளும் சட்டையை மடிப்புக் கலையாமல் அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு போனாய். அன்று காலையில் போய்ப் பார்த்தால் ஷட்டரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சிங்களத்திலும் இங்கிலீஷிலும் இருந்தது, தமிழில் இல்லை. கம்பனி வங்குரோத்து, கடனில் மூழ்கிவிட்டது, நாடு முழுக்க எல்லாக் கிளைகளும் மூடியாயிற்று என்று நீதான் எனக்கு வாசித்துச் சொன்னாய். உன் மனேஜர் நிமல் மஹத்தயா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். இருபது வருஷம் அதே கம்பனியில் இருந்த மனுஷன். அவருக்கும் அந்தத் தாள்தான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் முன்பணம் கட்டினவர்கள் வரத் தொடங்கினார்கள். அரநாயக்கப் பக்கத்திலிருந்து வந்த அந்தச் சிங்கள நோனாவை நான் மறக்கமாட்டேன். மகள் கல்யாணத்துக்கு அல்மாரி சொல்லியிருந்தாள். நேராக வந்து உன் சட்டையைப் பிடித்தாள். "மல்லி, மகே அல்மாரிய கோ?" என்று கேட்டாள். தம்பி, என் அல்மாரி எங்கே என்றுதான் கேட்டாள், திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நீ அவள் கையைத் தட்டிவிடவில்லை. அவள் பிடித்தபடி பிடித்திருக்க, நீ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தாய். நான் எதிர்ப் பக்கத்துக் கடை வாசலில் நின்றுகொண்டு, கண்ணுக்கு மருந்து போட்ட மாதிரித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நீ செய்ததைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு, அதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. கம்பனியின் போன் வேலை செய்யாததால் ஜனங்கள் உன் போனுக்கு எடுத்தார்கள். கட்டில் ஆடுகிறது, மேசை லாச்சியை இழுக்க முடியவில்லை, அல்மாரிக் கதவு கழன்றுவிட்டது என்பார்கள். வேலையில்லாமல் இருந்த நீ பையில் ஸ்க்ரூட்ரைவரைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தாய். கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நான் கத்தினேன். "கம்பனிதானப்பா போயிருச்சு. என் முகத்தப் பாத்துத்தானே வாங்குனாங்க, நான் இருக்கேன்ல?" என்றாய். அன்றைக்கு உன்னிடம் கத்தினவன் எப்படிப்பட்டவன் என்று இப்போது சொல்கிறேன், கேள்.

உயர்தரம் பாஸ் பண்ணிவிட்டு நீ வீட்டில் இருந்த அந்த ஒரு வருஷத்தை நினைத்துப் பார். சாயங்காலமானால் பிள்ளைமடுவத்துக்குப் போய்விடுவாய். பகலில் கைப்பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டுகிற இடத்தில், சாயங்காலம் பெரிய பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாய். சோடாப் போத்தல் மூடிகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு கூட்டல், கழித்தல். "சம்பளமில்லாத உத்தியோகம்" என்று உன்னைக் கேலி பண்ணினேன். ஆனால் ஒருநாள் ரப்பர்ப் பால் வாளியோடு அந்தப் பக்கமாக வந்தபோது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எந்நேரமும் மூக்கு ஒழுகிக்கொண்டு திரியும் முனியாண்டி மகன், கையைத் தூக்கிக்கொண்டு "சார், சார்" என்று குதிக்கிறான். நீ சிரிக்கிறாய். ஷோரூமில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

அந்த வருஷம்தான் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு உதவி ஆசிரியர் எடுக்கிறார்கள் என்று நீயும் உன்னோடு படித்த பாலாவும் சேர்ந்து விண்ணப்பம் போட்டீர்கள். பதில் வருகிறவரைக்கும் சும்மா இருக்க வேண்டாமென்று நீ ஷோரூமில் சேர்ந்தாய். உன் சிங்களம் தண்ணியாக ஓடுவதைக் கேட்டு நிமல் மஹத்தயா அன்றைக்கே எடுத்துக்கொண்டார். நீ சேர்ந்து ஆறேழு மாதம் இருக்கும், ஒருநாள் நான் பால் வெட்டிவிட்டு, அதே உடுப்போடு, சங்கத்து வேலையாகக் கேகாலைக்கு வந்தேன். வந்தவன் உன்னைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று ஷோரூம் வாசலுக்கு வந்தேன். காவல்காரன் கையை நீட்டி மறித்தான். "கொஹேத யன்னே?" எங்கே போகிறாய் என்று கேட்டான். கேட்க வேண்டியதுதான். என் சட்டையில் ரப்பர் பால் காய்ந்து கறுத்துப் போயிருந்தது, என் மூக்குக்கே ஒட்டுப்பால் நாற்றம் தெரிந்தது. நான் திரும்பிவிடலாமென்று பார்த்தேன். உள்ளேயிருந்து நீ வந்தாய். கழுத்தில் டை. அத்தனை பேருக்கு முன்னால் என் தோளில் கை போட்டு, "ஏ அபே தாத்தா" என்று சொன்னாய். அது எங்க அப்பா என்று. கூட்டிக்கொண்டு போய் ஒரு பெரிய சோபாவில் உட்கார வைத்தாய். நான் நுனியில் உட்கார்ந்தேன். "நல்லா சாஞ்சு உக்காருங்கப்பா" என்றாய். நிமல் மஹத்தயா தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

அதை நான் லயம் முழுக்க ஒரு மாதம் சொல்லித் திரிந்தேன். உன் அம்மா "போதுங்க, அந்தச் சோபாவே தேஞ்சு போயிரும்" என்று அலுத்துக்கொள்ளுமளவுக்குச் சொன்னேன். என் அப்பன் தொரை முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர். நானும் நின்றவன். என் பிள்ளையின் தயவில் நான் சாய்ந்து உட்கார்ந்தேன். அந்தப் போதை தலைக்கு ஏறிவிட்டது, வேறென்ன சொல்ல?

அந்தப் போதை இறங்குவதற்குள் உன் கடிதம் வந்தது. நம் லயத்து வீடுகளுக்கு விலாசம் கிடையாது, எல்லாத் தபாலும் தோட்டத்து ஆபிசுக்குத்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும்போது கிளாக்கர் ஐயா தபால் கட்டை என் கையில் கொடுத்துவிடுவார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நான் வாசித்துச் சொல்வேன் என்ற நம்பிக்கை. எத்தனையோ பேருடைய கடிதம் என் கை வழியாகப் போயிருக்கிறது. சவுதியிலிருந்து வந்த காதல் கடிதத்தைக்கூட ஒட்டினது பிரியாமல் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குக் கட்டில் நீளமான உறை ஒன்று, உன் பெயரில். நான் அதைப் பிரித்தேன்.

நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது நாள் இருந்தது. சர்டிபிகேட்டுகளைக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தது. சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு பால் வெட்டப் போனேன். ஒவ்வொரு மரத்திலும் பட்டையைச் சீவிக்கொண்டே எனக்கு நானே வழக்குப் பேசினேன். கொடுத்தால் போய்விடுவான். போனால் எங்கேயோ ஒரு மலைத் தோட்டத்தில் போடுவார்கள். மறுபடியும் சேற்றுப் பாதை, மறுபடியும் அட்டைக்கடி, மறுபடியும் லயம். உதவி ஆசிரியருக்குக் கொடுக்கிற பிச்சைக்காசு டை கட்டினவன் சம்பளத்தில் பாதிகூட வராது. தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்திலேயே வேலை என்று ஊரார் சொல்வார்கள். நான் இத்தனை பாடுபட்டது அவனை இங்கிருந்து வெளியேற்றத்தானே? இப்படியெல்லாம். பேசியவனும் நானே, தீர்ப்புச் சொன்னவனும் நானே. உன்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்று அந்த முந்நூறு மரத்தில் ஒரு மரத்தடியில்கூட எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் நீ பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன் கேட்டாய், "தபால் ஏதும் வந்துச்சாப்பா?" என்று. "வரல" என்றேன். மறுநாளும் கேட்டாய். அதற்கு மறுநாளும் கேட்டாய். கடிதம் என் பையில் இருந்தது. வேர்வையில் மை கசிந்து சட்டையில் நீலமாகப் பிடித்திருந்தது. நாலாம் நாள் அதை அடுப்பில் வைத்தேன். "என்னங்க அது?" என்று அம்மா கேட்டாள். "பழைய கரண்டு பில்லு" என்றேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. இந்த வீட்டில் அதை நான் எனக்குச் சாதகமாக ஆக்கிக்கொண்டது அந்த ஒரு தடவைதான், ஆனால் அந்த ஒரு தடவை போதும்.

பாலாவுக்கு நியமனம் கிடைத்தது. அவன் லட்டுப் பெட்டியோடு வந்து போனதற்குப் பிறகு நீ படியில் உட்கார்ந்து, "என்னைய கூப்பிடவே இல்லப்பா. மார்க்ஸ் பத்தல போல" என்றாய். பாலா உன் கொப்பியைப் பார்த்து எழுதி வளர்ந்தவன். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "விடு தம்பி, உனக்கென்ன, டை கட்டுற வேல" என்று முதுகில் தட்டினேன். அந்த வாரத்தோடு நீ பிள்ளைமடுவத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாய். பிள்ளைகள் கொப்பியோடு வந்து வாசலில் நின்றார்கள். நான்தான் விரட்டினேன்.

இத்தனை வருஷமும் எனக்கு நெஞ்சு உறுத்தவில்லையா என்று கேட்பாய். உண்மையைச் சொன்னால், பெரிதாக உறுத்தவில்லை. உனக்குச் சம்பளம் கூடியது, கல்யாணம் நடந்தது, நல்ல காரியம்தான் செய்திருக்கிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். எப்போதாவது பாலா குடையோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவதைப் பார்த்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கடை மூடின பிறகுதான் உறுத்தத் தொடங்கியது. அதுவும்கூட, நான் செய்தது தப்பென்று அல்ல, நான் போட்ட கணக்குத் தப்பாகிவிட்டதென்றுதான் முதலில் வருத்தப்பட்டேன். அந்தக் கம்பனி இன்றைக்கும் திறந்திருந்தால் நான் இதைச் சொல்லியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். சொல்லியிருக்கமாட்டேன். அப்பன் அந்த லட்சணத்தில்தான் இருந்திருக்கிறான்.

போன மாதம் பாலா மறுபடி ஒரு விண்ணப்பத்தோடு வந்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்குத் திரும்பவும் ஆள் எடுக்கிறார்கள், வயது எல்லைக்கு உனக்கு இன்னும் சில மாதம் இருக்கிறது, இது கடைசிச் சந்தர்ப்பம் என்றான். நான் வெளியே பால் கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன். "ஒரு தடவ கூப்பிடவே இல்லடா. மறுபடியும் போய் அசிங்கப்படணுமா?" என்று நீ கேட்டது எனக்குக் கேட்டது. "உன்னைய எப்படிடா கூப்பிடாம விட்டாங்க? எனக்கு இன்னும் வெளங்கலடா" என்றான் பாலா. நீ அந்தத் தாளை டீவிக்கு அடியில் செருகிவிட்டு, ஏஜென்சிக்காரனுக்குப் போன் எடுத்தாய். அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. நான் எரித்தது ஒரு வேலையை என்று நினைத்திருந்தேன். உன் கெட்டிக்காரத்தனத்தில் உனக்கிருந்த நம்பிக்கையையும் சேர்த்து எரித்திருக்கிறேன், தம்பி. உன்னைக் கூப்பிட்டார்கள். முதல் தடவையிலேயே கூப்பிட்டார்கள். உன் மார்க்ஸ் தாராளமாகப் போதும். இதை உன் காதில் போடாமல் உன்னைப் பிளேனில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை மடியில் இறக்கி வைத்தாள். "கரண்டு பில்லுன்னு சொன்னீங்களே" என்றாள். அப்புறம், "அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன்" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு வைக்கிறாள், பேசவில்லை. நீ அவளிடம் கோபப்படாதே. அவளுக்கு எதுவும் தெரியாது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அப்பன் வாய் சும்மா இருக்காது. தியா நாளைக்கு வளர்ந்து எதையாவது சொல்லிச் சிரித்தாளென்றால், அந்தச் சிரிப்பைக் கவனித்து வைத்துக்கொள். அவளைச் சிரிக்க வைத்ததைவிட நல்லது உனக்குத் தெரியும் என்று தோன்றும். நிச்சயமாகத் தோன்றும், ஏனென்றால் நீ பட்ட அடி அவளுக்குப் படக்கூடாது என்று நினைப்பாய். அந்த நேரத்தில் வாயைத் திறந்து அவளைக் கேள். நீ சொல்வதுதான் சரியாகவே இருந்தாலும் கேள். பிள்ளைகளுக்காகப் பயப்படுகிறவன் கையில் அதிகாரமும் இருந்தால் என்ன செய்வான் என்பதற்கு நான் ஒருவன் போதும். இன்னொன்று. உன்னை வேண்டாம் என்று யாரோ ஒதுக்கியதாக நினைத்துத்தான் இத்தனை வருஷமும் நீ கொஞ்சம் கூனிக்கொண்டு நடந்திருக்கிறாய். பஸ்ஸில் பாலா ஏறினால் பின்சீட்டுக்குப் போய்விடுவாய். அதை விட்டுவிடு. அது உன்னுடையது இல்லை, நான் உன்மேல் ஏற்றினது.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. உன் பிளேன் வியாழக்கிழமை. நேற்று மத்தியானம் நீ சாமான் வாங்க ருவான்வெல்லைக்குப் போயிருந்தபோது, டீவிக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். நானே நிரப்பி, உன் கையெழுத்தையும் போட்டு, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிடலாமென்று பேனாவைத் திறந்தேன். உன் கையெழுத்து எனக்கு நன்றாக வரும். முழுப்பெயர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். பிறகு என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்தேன். அன்றைக்கு உன்னைக் கேட்காமல் அடுப்பில் வைத்த அதே கை, இன்றைக்கு உன்னைக் கேட்காமல் தபாலில் போடப் பார்க்கிறது. மூடிவிட்டேன். நல்லெண்ணத்தில்தான் செய்யப் போனேன். அப்போதும் நல்லெண்ணத்தில்தான் செய்தேன்.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். பெயருக்குக் கீழே எல்லாம் வெறுமையாக இருக்கிறது. என் கையெழுத்தில் உன் பெயர் இருப்பது பிடிக்காவிட்டால் பாலாவிடம் வேறு தாள் இருக்கும். ஏஜென்சிக்காரனிடம் பேச வேண்டியிருந்தால் நான் கூட வருகிறேன், வேண்டாமென்றால் வரவில்லை. என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேசாதே, அம்மா அதற்கு என்னைப் பழக்கிவிட்டாள். திட்டத் தோன்றினால் லயத்துக்கே கேட்கத் திட்டு. நான் படியில்தான் உட்கார்ந்திருப்பேன். எதைச் செய்வதென்று சுமதியைக் கேள், பாலாவைக் கேள், நிமல் மஹத்தயாவுக்குப் போன் எடுத்தாவது கேள்.

எனக்கு என்ன ஆசை என்று மட்டும் கேட்காதே. கேட்டால் சொல்லிவிடுவேன்.

அப்பா